அந்தத் தாளை நானும் நிரப்பினேன்

மகள் பிறந்து 6 வாரம் ஆனதும் மனைவியின் பரிசோதனைக்காகப் போயிருந்தோம். டாக்டர் கூப்பிடும்வரை நிரப்பி வைக்கச் சொல்லி அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 10 கேள்விகள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆசையோடு எதிர்பார்த்தீர்களா, ஏதாவது தப்பாகப் போனால் தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்று போகிறது. தவறுதலாக இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அவள் ஒன்றை நிரப்பினாள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொன்றை நிரப்பினேன்.

அவளுடைய தாளை வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதை யாரும் கேட்கவில்லை. நான்காக மடித்து ஃபோன் உறைக்குள் செருகிக்கொண்டேன்.

அன்று இரவு குழந்தையைத் தோளில் போட்டு நடந்தபடியே அது என்ன தாள் என்று தேடினேன். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதற்காக 1987ல் வந்தது, இன்றும் பல நாடுகளில் அதுதான் பயன்படுகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பல இடங்களில் 13 வந்தால் விரிவாகப் பார்க்கச் சொல்வார்கள், 10க்கே கவனிக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்பாக்களுக்கு இந்த எல்லையை இன்னும் கீழே வைக்க வேண்டும் என்று எழுதியிருந்த ஆய்வாளர்களும் இருந்தார்கள். மனைவிக்கு 6 என்று டாக்டர் அங்கேயே சொல்லியிருந்தார். எனக்கு 14 வந்தது. மறுபடி கூட்டினேன். அதே 14.

அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யக் கூடாது, அது மேலே விசாரிக்கச் சொல்லும் ஒரு மணி மாத்திரமே என்றும் அங்கே போட்டிருந்தது. எனக்கு அந்த வரி வசதியாகப் போய்விட்டது. தாளை மறுபடி உறைக்குள் வைத்து 8 வாரம் தொடவில்லை.

அந்த 8 வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் ஒரு நாளும் அழவில்லை. எரிந்து விழுந்தேன். மேசை இழுப்பறை மாட்டிக்கொண்டதற்கு அதை உதைத்தேன். ஆபீசில் வேலை இல்லாத நாளிலும் தாமதமாகக் கிளம்பினேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் வண்டியை அணைத்துவிட்டு 20 நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். மேலே ஜன்னலில் வெளிச்சம் தெரியும். மனைவி குழந்தையோடு குறுக்கும் நெடுக்கும் நடப்பது நிழலாகத் தெரியும். போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றும், கை கதவைத் திறக்காது. குழந்தையை எனக்குப் பிடிக்கவில்லையா என்றால் அதுவும் இல்லை. ஆபீசில் மணிக்கு நாலு தடவை அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

இதை யாரிடம் சொல்வது? ஒருமுறை அம்மாவிடம் லேசாக ஆரம்பித்தேன். "பெத்தவளே எழுந்து நடமாடறா, உனக்கு என்னடா வந்துச்சு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. வலியைத் தாங்கியது அவள், தையல் அவளுக்கு, பால் கொடுப்பது அவள். என் பங்குக்கு ஒரு வலியும் இல்லாதபோது நான் எதைச் சொல்லிப் புலம்புவது?

மனைவிக்கும் ஆரம்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. 3ம் நாள் காரணமே இல்லாமல் அழுதாள். துண்டு மடிக்கும்போது அழுதாள், யாரோ "குழந்தை அழகா இருக்கு" என்றதற்கு அழுதாள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்ப காலம் முழுக்க உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சில நாட்களுக்குள் சடசடவென்று இறங்கிவிடுகின்றன. அதோடு தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ள, பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் 2 வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அவளுக்கு 10 நாளில் அடங்கியது. 2 வாரம் தாண்டியும் நீடித்தால், அல்லது நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனால்தான் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறும் ரத்த சோகையும் அச்சு அசலாக மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும்.

அப்பாக்களின் கதை வேறு நேரத்தில் நடக்கிறது. 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மனைவி கர்ப்பமான காலத்திலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள் வரையிலான காலத்தில் ஏறத்தாழ 10 சதவீத ஆண்களுக்கு மனச்சோர்வு இருந்தது தெரிந்தது. அதிகமாக இருந்தது 3 முதல் 6 மாதம் வரை. அதாவது, வந்த உறவினர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பி, விடுப்பு முடிந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஆளில்லாமல் போன பிறகு. எனக்கு 6 வாரத்திலேயே தொடங்கியிருந்தாலும் முற்றியது அந்தக் கணக்கில்தான்.

14வது வாரம். ராத்திரி 3 மணி இருக்கும். ஒரு மணி நேரமாக அழுகை. பால் குடித்தாயிற்று, டயப்பர் மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை. தோளில் போட்டேன், மடியில் போட்டேன், நடந்தேன். பிறகு தொட்டிலில் விட்டேன். விட்டேன் என்பது பொய். தேவைக்கு மேல் வேகமாக இறக்கினேன். மெத்தையில் "தொப்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவள் அழுகையை ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் அறையை விட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன்.

அறையை விட்டு வந்ததுதான் அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் என்று பிறகு தெரிந்தது. பச்சைக் குழந்தையின் அழுகை 6 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் படிப்படியாகக் குறையும். அதில் ஒரு பகுதி எதைச் செய்தாலும் நிற்காத அழுகை. உங்களுக்குள் ஏதோ அறுந்துபோகிற மாதிரி இருந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு 5, 10 நிமிஷம் தள்ளி நில்லுங்கள். பத்திரமான இடத்தில் கிடந்து அழுகிற குழந்தைக்கு அந்த அழுகையால் ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்குவதுதான் மூளையில் ரத்தம் கசிய வைத்து உயிருக்கே வினையாகும். இதை யாராவது பிரசவத்துக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம். தொட்டில் எந்த நிறம் என்று முடிவு செய்ய நாங்கள் ஒரு மாதம் செலவழித்திருந்தோம்.

மனைவி எழுந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஃபோன் உறையைத் திறந்து அந்தத் தாளையும் கொடுத்தேன். மடிப்பில் எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. அவள் விளக்கடியில் வைத்து மெதுவாகப் படித்தாள். 10வது கேள்வியில் என் டிக் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தாள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற கேள்வி அது. "ஒருபோதும் இல்லை" என்பதில் டிக் இருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். மொத்த மதிப்பெண் எதுவானாலும் அந்த ஒரு கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். "காலைல நீங்க ஃபோன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் போன தெரபிஸ்ட் சரிப்பட்டு வரவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் 2 செஷனிலும் "பாப்பா உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா எல்லாம் மறந்திடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் சிரிக்கும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை என்பதுதானே பிரச்சினை. தெரபி எனக்கு ஒத்துவராது என்று அத்தோடு விட்டிருப்பேன். மனைவிதான், "ஒரு டாக்டர் கொடுத்த கண்ணாடி சரியில்லன்னா கண்ணே வேண்டாம்னு விட்டுடுவீங்களா?" என்றாள்.

இரண்டாவது ஆளைத் தேடும்போது ஃபோனிலேயே சில கேள்விகள் கேட்டேன். கைக்குழந்தை இருக்கிற பெற்றோர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? அப்பாக்களோடு? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா? வீடியோவில் பேசலாமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ரத்து செய்தால் என்ன ஆகும்? எந்த முறையில் வேலை செய்வீர்கள், எத்தனை வாரம் ஆகும்? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருந்தது, ஆனால் அதற்குத் தெளிவாகப் பதில் சொன்னவரிடம்தான் போனேன். 50 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வாரம் ஒருமுறை, 12 முதல் 16 செஷன், 6வதில் நாம் எங்கே இருக்கிறோம் என்று சேர்ந்து பார்ப்போம் என்றார்.

முதல் நாள் நான் போய் உட்கார்ந்ததுமே என் மனைவி பட்ட கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அவங்களுக்குக் கால் முறிஞ்சிருந்தா உங்க காய்ச்சல் தானா இறங்கிடுமா?" என்றார். அப்புறம் ஒரு காகிதத்தின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கத்தைக் காட்டினார். "குழந்தை வந்ததால என்னென்ன வந்துச்சுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. என்னென்ன போச்சு?"

"ஒண்ணும் போகல மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. சாயங்காலம் நானும் மனைவியும் நடக்கப் போவோம், அது போச்சு என்றேன். எழுதினார். தூக்கம். எழுதினார். அவளுக்கு ஏதாவது ஒன்று தோன்றினால் முதலில் என்னிடம்தான் சொல்வாள், இப்போது சொல்வதற்குள் குழந்தை அழுதுவிடுகிறது, பிறகு மறந்துவிடுகிறாள். அதையும் எழுதினார். அதற்குப் பிறகு நான் யோசிக்காமலே ஒரு வாக்கியம் வந்தது: "வீட்ல எனக்கு வேலை இருக்கு மேடம், இடம் இல்ல."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. மூன்று கிலோ சொச்சத்துக்குப் பிறந்த ஒரு குழந்தையோடு இடத்துக்குச் சண்டை போடுகிற ஆளா நான்? அவர் அதை அப்படியே, நான் சொன்ன வார்த்தைகளிலேயே, எழுதி என் பக்கம் திருப்பினார். குழந்தையைத் தொட்டிலில் வேகமாக இறக்கியதும், இழுப்பறையை உதைத்ததும், வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததும் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக நான் செய்த வேலைகள் என்று எனக்குப் புரிய இன்னும் 3 வாரம் ஆனது.

அவர் பயன்படுத்திய முறைக்குத் தமிழில் உறவுசார் உளசிகிச்சை என்று சொல்லலாம். 1970களில் ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் மனச்சோர்வுக்காக உருவாக்கியது. சிறு வயதில் என்ன நடந்தது என்று ஆழமாகத் தோண்டுவதைவிட, இப்போது வாழ்க்கையில் எந்த உறவில், எந்த மாற்றத்தில் நீங்கள் சிக்கியிருக்கிறீர்கள் என்று பார்க்கும். அதில் ஒரு வகை, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாறுவது. பழைய வாழ்க்கை போனதற்கு வருத்தப்பட இடம் கொடுத்தால்தான் புதியதில் கால் ஊன்ற முடியும் என்பது அதன் கணக்கு. குழந்தை வந்த வீட்டில் அந்த வருத்தத்துக்கு எங்கே இடம்? வாழ்த்தத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

தாயாவது என்பது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை, பருவமடைவது மாதிரி நீண்ட மாற்றம் என்று சொல்லி அதற்கென்றே தனியாக ஒரு சொல்லை 1973ல் டானா ரஃபேல் என்ற மானுடவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 13 வயதில் குரல் உடையும்போதும் முகப்பரு வரும்போதும் "உனக்கு என்ன குறை?" என்று யாரும் கேட்பதில்லை, வயசு அப்படி என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த ஒப்பீடு பிடித்திருந்தது. 34 வயதில் மறுபடியும் குரல் உடைந்துகொண்டிருந்தது.

4வது செஷனில்தான் படிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போதெல்லாம் அவள் என் கையிலிருந்து விழுவது மாதிரி ஒரு காட்சி கண் முன்னால் வரும். சில நேரம் நானே கையை விடுவது மாதிரி. அதற்குப் பயந்து வாரக்கணக்கில் அவளை எடுத்துக்கொண்டு படியில் இறங்கவே இல்லை, ஏதாவது சாக்குச் சொல்வேன். இதைச் சொன்னால் போலீசைக் கூப்பிடுவார், குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்றெல்லாம் பயம் இருந்தது. அவர் முகம் மாறவே இல்லை. "அந்தக் காட்சி வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார். வயிற்றைப் பிசையும், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்றேன்.

புதிதாகப் பெற்றோர் ஆனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த மாதிரி வேண்டாத காட்சிகள் வருகின்றன என்றார். குழந்தையைக் காப்பாற்றும் மூளை ஓவர்டைம் பார்க்கிறது. அது உங்களைப் பதற வைக்கிறது, தப்பு என்று தெரிகிறது, செய்யும் ஆசை துளியும் இல்லை என்றால் அது எண்ணம் மட்டுமே. அதிலிருந்து தப்பிக்க நாம் செய்கிற தவிர்ப்புகள்தான் அதற்குத் தீனி. அடுத்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கச் சொன்னார். காட்சி வந்தால் விரட்டாமல், "சரி, வந்துட்டியா" என்று விட்டுவிட்டு இறங்க வேண்டும். முதல் நாள் சட்டை நனைந்துவிட்டது. 3 வாரத்தில் காட்சி வருவது குறைந்தது, வந்தாலும் உறைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அவர் சொன்னார், அதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரசவமான முதல் சில நாட்களிலோ 2, 3 வாரங்களிலோ, தூங்காமலே இருந்தும் தூக்கம் தேவையில்லை என்பது போல் ஒரு வேகம், இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள், யாரையும் நம்பாமல் சந்தேகப்படுவது, பேச்சு கோர்வையில்லாமல் போவது, இதெல்லாம் ஒரு தாயிடம் தெரிந்தால் அது வேறு, பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்று பெயர். 1000 பிரசவத்தில் 1 அல்லது 2 பேருக்கு வருகிறது. அங்கே எண்ணத்தைப் பார்த்து அவர்களுக்குப் பயம் வராது, அது உண்மை என்றே தோன்றும். தெரபிக்கு நேரம் வாங்கிக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்களைத் தனியாகவும் விடக் கூடாது, குழந்தையோடு தனியாகவும் விடக் கூடாது. நேரத்துக்கு மருத்துவம் கிடைத்தால் நன்றாகக் குணமாகக் கூடியது.

நடுவில் எனக்குப் பிடிக்காத வீட்டுப்பாடமும் இருந்தது. "நான் மோசமான அப்பா" என்று தோன்றும்போதெல்லாம் அதை எழுதி, பக்கத்தில் ஆதாரம் இருக்கிறதா, எதிர் ஆதாரம் இருக்கிறதா என்று நிரப்ப வேண்டும். பலருக்கு இது நன்றாக வேலை செய்கிறது. எனக்கு ஆடிட்டிங் மாதிரி இருந்தது, பாதி நாள் நிரப்பாமலே போனேன். அதைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை, வேறு வழிக்கு மாற்றினார். தெரபிஸ்ட்டிடம் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இது எனக்கு உதவல" என்று சொல்வதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

அதைவிட என் மனதை இளக்கியது எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளரின் ஆராய்ச்சி பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம். 1970களிலிருந்து தாயும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படம் பிடித்து நொடிநொடியாக ஆராய்ந்தவர். நன்றாக ஒட்டியிருக்கிற ஜோடிகளிடம்கூட இருவரும் ஒரே சுருதியில் இருந்தது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் பிசகுகிறது, மறுபடி சேர்கிறது. அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. 30 சதவீதம் என்றால் என்னாலும் முடியும் என்று தோன்றியது.

7வது செஷனுக்கு மனைவியும் வந்தாள், குழந்தையும் வந்தது. இடம் இல்லை என்ற வாக்கியத்தை அவள் முன்னால் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் தூக்கினால் "கழுத்தைப் பிடிங்க", நான் குளிப்பாட்டினால் "தண்ணி சூடா இருக்கு", இப்படி எல்லாவற்றிலும் திருத்தம் வருகிறது, பிறகு எனக்குத் தொடவே கை வருவதில்லை என்றேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "நீங்க ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுச் செய்றது எனக்கு இன்னொரு வேலை."

அந்த மணி நேரத்துக்கு ஈடாக வேறு எந்த மணி நேரமும் இல்லை. அன்று சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். செய்கிற வேலைகள் மட்டுமில்லை, நினைவு வைத்துக்கொள்கிற வேலைகளும். அடுத்த தடுப்பூசி எப்போது, டயப்பர் எத்தனை மிச்சம், எந்தச் சட்டை சிறிதாகிவிட்டது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைகள் அத்தனையும் அவள் பெயரில் இருந்தன. தடுப்பூசியையும் குளியலையும் தலையிலிருந்து கால்வரை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்றால், நினைவுபடுத்த வேண்டிய பொறுப்பும் அவளுக்கு இல்லை. பதிலுக்கு நான் குளிப்பாட்டும்போது அவள் அந்த அறைக்குள் வருவதில்லை. முதல் வாரம் கதவுக்கு வெளியே நின்றாள், நிழல் தெரிந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ராத்திரியையும் பிரித்தோம். 9 மணியிலிருந்து 2 மணிவரை நான், 2லிருந்து 7வரை அவள். முறை இல்லாதவர் வேறு அறையில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். என் முறைக்கு அவள் பாலைப் பிழிந்து வைத்துவிடுவாள். நேரடியாகவே பால் கொடுப்பவர்கள் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்து, குடித்ததும் எடுத்துப் போகிற அளவுக்காவது இன்னொருவர் இருந்தால் போதும். துண்டு துண்டாக 7 மணி நேரம் தூங்குவதைவிட ஒரே மூச்சில் 4, 5 மணி நேரம் தூங்குவது ஆளையே மாற்றிவிடும். என் மனச்சோர்வில் எவ்வளவு மனம், எவ்வளவு தூக்கம் என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை. தேவைப்படுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. சோர்வு கடுமையாக இருந்தால் பேச்சு மட்டும் போதாமல் போகும், எழுந்து உட்கார்ந்தால்தானே பேசவே முடியும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மாத்திரை என்றதும் பயப்படுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால் பல வருஷமாகப் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தரப்படுகின்றன. மனநல மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். யாரோ சொன்னார்கள் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

நடைமுறைத் தொல்லைகளும் கொஞ்சம் இல்லை. பாதி செஷன்களை வண்டிக்குள் உட்கார்ந்து ஃபோனில்தான் பேசினேன், வீட்டில் தனி அறை கிடைக்காது. முன்பு ஒளிந்துகொள்ள உட்கார்ந்த அதே சீட். செஷனுக்குப் போகும்முன் ஃபோனில் ஒரே ஒரு வரி எழுதி வைப்பேன், "இந்த வாரம் அதிகமா எரிச்சல் வந்தது எப்போ" என்கிற மாதிரி. தூக்கமில்லாத மூளை நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும், அந்த ஒரு வரி காப்பாற்றும். முடிந்ததும் உடனே வீட்டுக்குள் நுழையாதீர்கள், 15 நிமிஷம் நடந்துவிட்டுப் போங்கள். அழுது முடித்த கையோடு டயப்பர் மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

தெரபிஸ்ட் கிடைக்காத, கட்டுப்படியாகாத இடத்தில் என்ன செய்வது என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இதற்கு நம்பிக்கையான பதில் ஒன்று பாகிஸ்தான் கிராமப்புறத்திலிருந்து வந்தது. அதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவும், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பேச்சு வழியே உதவக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அனுப்பினார்கள். 2008ல் முடிவு வெளியானது. குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது, இந்த முறையில் பேசப்பட்ட தாய்மார்களில் 23 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். வழக்கமாகப் பார்வையிட மட்டும் ஆள் போன வீடுகளில் 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் அதைக் கையேடாக்கி 2015ல் வெளியிட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே பெரிய பட்டம் வாங்கிய ஆள் இல்லையென்றால் கதி இல்லை என்று நினைக்க வேண்டாம். தடுப்பூசி போட வருகிற நர்ஸிடமோ குழந்தை டாக்டரிடமோ "எனக்கும் சரியில்லை" என்று சொல்வதே ஒரு தொடக்கம்.

கூட இருப்பவர்களுக்கு ஒன்று. "என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்று எங்களிடம் 20 பேராவது சொன்னார்கள். யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை, கேட்பதற்கே தெம்பு வேண்டும். ஒரே ஒரு தோழி மட்டும், "வியாழக்கிழமை 4 மணிக்கு வரேன், 6 மணி வரை நான் பாத்துக்கறேன், ரெண்டு பேரும் தூங்குங்க, எனக்காக வீட்டைப் பெருக்க வேண்டாம்" என்றாள். வந்தாள். அம்மாவும் மாறினார். தெரபிக்குப் போவதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ பொறந்தப்போ உங்கப்பா ஆறு மாசம் வீட்டுல யார்கிட்டயும் பேசல. நான் அவருக்கு என் மேல கோபம்னு நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மொத்தம் 14 செஷன். 9வதிலேயே நன்றாக இருக்கிறது, நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். நன்றாக இருக்கும்போதுதான் அடுத்த சறுக்கலுக்கு வழி எழுதி வைக்க முடியும் என்றார். என் அறிகுறிகளை மனைவியே வரிசையாகச் சொன்னாள்: ஆபீசிலிருந்து தாமதமாக வருவது, கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது. "அதை நீ பாத்தியா?" என்றேன். "ஜன்னல்ல இருந்து தினமும்" என்றாள். இந்த மூன்றில் இரண்டு ஒரு வாரம் தொடர்ந்தால் அவளே ஃபோன் செய்துவிடுவாள், நான் தடுக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

கடைசி நாளில், 3 மாதம் தள்ளி ஒரு தேதி போட்டு வைப்போம், தேவையில்லை என்றால் முந்தின வாரம் ரத்து செய்துகொள்ளுங்கள் என்றார். நான் ரத்து செய்யவில்லை. போனேன். மகள் அப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள், பாதி நேரம் அதைப் பற்றியே பேசினேன். மீதி நேரம், மனைவி அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புவதையும், காலையில் குழந்தையை யார் கொண்டுபோய் விடுவது என்பதையும்.